ஒரே கல்லறைக்கு இரண்டு சுண்ணாம்பு

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்கு வருஷா வருஷம் யாரோ எங்களுக்கு முன்னாலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கல்லறைத் திருநாளன்று திருத்தணியிலிருந்து கிளம்பிக் கனகம்மாசத்திரம் வரை பஸ்ஸில் போவோம். அங்கிருந்து ஏரிக்கரையும் வரப்புமாக நடந்தால் அந்தப் பழைய மிஷன் கோயில். ஒரு கையில் சுண்ணாம்புத் தவலை, மறு கையில் அடிக்கிறதற்கு நசுக்கிய தென்னமட்டை, மடியில் மெழுகுவர்த்தி. போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடியில் கல்லறை ஏற்கெனவே பளிச்சென்று வெளுத்து நிற்கும். தொட்டால் விரலில் ஒட்டும், நேற்று அடித்தது.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "சபை ஜனங்க அடிச்சிட்டுப் போறாங்க. உபதேசியாருன்னா அந்த மரியாதி." சொல்லிவிட்டு, அதன்மேலேயே எங்கள் சுண்ணாம்பையும் பூசச் சொல்வாள். "ஜனங்க அடிக்கறது மரியாதி. நாம அடிக்கறது உரிமை. ரெண்டும் ஒண்ணாவுமா?"

இப்படி மரியாதையும் உரிமையும் மாறி மாறி ஏறியதில், கல்லறையின் விளிம்பெல்லாம் மழுங்கி, மாவில் தோய்த்தெடுத்த பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. அதில் வெட்டியிருந்த எழுத்து எப்போதோ உள்ளே போய்விட்டது. என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் எங்களுக்கு இருக்கவில்லை. கொள்ளுத்தாத்தா உபதேசியார். உபதேசியார் என்றால் பட்டம் கட்டிய பாதிரியார் இல்லை; ஊர் ஊராக நடந்து போய் வேதம் சொல்லிக்கொடுத்து, ஜெபம் நடத்துகிறவர். அவருடைய மகன் என் தாத்தா. தாத்தாவின் பிள்ளைகள் அத்தையும் அப்பாவும். திருத்தணியில் எங்கள் வீட்டுக்கே உபதேசியார் வீடு என்றுதான் பேர். அத்தை புது ஆளைப் பார்த்தால் முதல் வாக்கியத்தில் பேர் சொல்வாள், இரண்டாவதில் உபதேசியாரைச் சொல்வாள். சபைக்குச் சபை ஓர் உபதேசியார் உண்டு என்பதால், எந்த ஊர் உபதேசியார் என்று யாரும் கேட்டதில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா தையல்காரர். யுத்தம் முடிகிற சமயத்தில் அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. ஊசி கோப்பது, அளவு நாடாவைப் பார்த்துச் சொல்வது எல்லாம் என் வேலை. அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடமும் போயிற்று. ஆனாலும் படிக்கக் கற்றுக்கொண்டேன், துணிக்கு மாதிரியாக நைனா வெட்டி வைக்கிற பழைய செய்தித்தாளைப் பார்த்து. கை மாதிரியில் பாதிச் செய்தி இருக்கும், கழுத்து மாதிரியில் கால் செய்தி இருக்கும். ஒரு ராஜா செத்தாரா பிழைத்தாரா என்பது அக்குளுக்காக வளைத்து வெட்டிய இடத்தில் போய்விடும். மீதி எங்கே என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அதனால்தான் என்னைப் பெண் கேட்டு வந்த அந்த மனிதரை எனக்குப் பிடித்தது. பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பம். இவர் மட்டும் ரயில்வேயில் சேர்ந்து திருத்தணி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, ஆணியில் தொங்கிய சட்டைக்கை மாதிரியை எடுத்து, உதட்டை அசைத்துக் கடைசி வரி வரை படித்தார். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இதோட மீதி எங்க?" என்று கேட்டார். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

நிச்சயம் ஆயிற்று. துணிக்கும் கண்ட்ரோல் இருந்த காலம். கூப்பன் காட்டி, வரிசையில் நின்று, அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்தார்கள். அவருடைய அம்மாவை முறைப்படி அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கு ஏற்கெனவே ஓர் அத்தை இருந்ததால் இவரைப் பள்ளிப்பட்டு அத்தை என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கோயிலில் நின்று அறிவிப்பார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்; சைக்கிளில் சுற்றி நாலைந்து ஊர்ச் சபையைப் பார்க்கிறவர். முதல் ஓலை வாசித்த ஞாயிறு, கிருத்திகையும் சேர்ந்து வந்தது. தெருவில் காவடி போகிறது. "அரோகரா" சத்தத்துக்கு நடுவே ஐயர் தொண்டையை உயர்த்தி என் பேரை வாசித்தார். யாரும் தடை சொல்லவில்லை.

தடை சாப்பாட்டில் வந்தது. கோயில் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபடி பள்ளிப்பட்டு அத்தை சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கூட்டுப் பெரிய தாத்தா கல்லறையில ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வரணும்ங்க. எங்க வழக்கம்."

"எந்தூர்ல கீறாரு?" என்றாள் என் அத்தை.

"கனகம்மாசத்திரத்தாண்டதான். மிஷன் கோயிலு. உபதேசியார் கல்லறைன்னா யாரும் காட்டுவாங்க. திருநாளுக்கு மொத நாளே வண்டி கட்டிகினு போயி சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்துருவோம். மறுநாளு எங்க சபையில ஆராதனை கீதே."

அத்தையின் கரண்டி ரசத்துக்குள் நழுவியது. அதை எடுக்கவில்லை.

"உங்களுக்கு அவரு இன்னா ஆவணும்?"

"எங்க மாமனாருக்கு நைனா."

"எங்க நைனாவுக்கும் அவருதான் நைனா," என்றாள் அத்தை.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த, எனக்கு நிச்சயமானவர் தலை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். அப்புறம் சட்டென்று குனிந்துகொண்டார். நிமிர்ந்தது மாப்பிள்ளையாக, குனிந்தது அண்ணனாக. ஆண்வழியில் இரண்டு மகன்களின் பேரப்பிள்ளைகள் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. மாமன் மகனைக் கட்டலாம், அத்தை மகனைக் கட்டலாம். பங்காளியைக் கட்ட முடியாது.

"பங்காளி வூட்ல பொண்ணு எடுக்க வந்துட்டீங்களே," என்றாள் அத்தை.

"நாங்க எடுக்க வந்தோம், நீங்க குடுக்க வந்தீங்க. பாவம் எங்க பக்கம் மட்டும் எப்பிடிம்மா எறங்கும்?" என்றார் பள்ளிப்பட்டு அத்தை. அவரை நான் இனிமேல் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். மோர் ஊற்றப் போனபோது எந்த முறையிலும் கூப்பிடாமல் ஊற்றிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நைனாவைக் கைபிடித்து ஐயர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அத்தையும் வந்தாள். ஐயர் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். யார் யாரைக் கட்டக்கூடாது என்று சபைச் சட்டம் அச்சடித்த பலகை. "பாருங்க. இவ்ளோ தூரத்துச் சொந்தத்த இது தடுக்கல."

"பலகை தடுக்கலன்னா இன்னாங்க ஐயரே? நாலு பேரு வாயி தடுக்குதே," என்றாள் அத்தை.

ஐயர் கோபப்படவில்லை. "அதான் நானும் பாக்கறேன். ரெண்டு வூடும் மூஞ்சத் திருப்பிகினு நிக்கற கல்யாணத்த நடத்தி இன்னா பண்றது? அந்த மிஷன் கோயிலு ரிஜிஸ்தரு பொட்டியில கீது. போயி பாத்துருவோம். உங்க நைனாவோ அவங்க மாமனாரோ, ஒருத்தரு உபதேசியாருக்கு மக வயித்துப் பேரனா இருந்துட்டா முறை மாறிடும் இல்ல?"

நைனா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை, "மக வயித்துப் பேரனா இருந்துட்டா" என்று இரண்டு மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார்.

வாரத்துக்குள்ளேயே கிளம்பினோம். கரியில் ஓடும் பஸ். மேட்டில் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளச் சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை. நைனா, நான், என் அத்தை, அத்தையாகவும் இல்லாமல் பெரியம்மாவாகவும் இல்லாமல் பள்ளிப்பட்டு அம்மாள். இரண்டு பெண்களுக்கும் ஒரே சீட் வாய்த்தது. நடுவில் சுண்ணாம்புத் தவலை இல்லாத குறைதான்.

"உங்க பேச்சுல தெலுங்கு வாடை அடிக்குதே," என்று அத்தை ஆரம்பித்தாள். "அப்பவே நெனச்சேன், உபதேசியார் வமுசத்துல இது எப்பிடி வந்துச்சுன்னு. எங்க நைனா வூடு சுத்தத் தமிழ் வூடு."

"ஆங், நைனான்றது எந்தூருத் தமிழுங்க?" என்றார் பள்ளிப்பட்டு அம்மாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கனகம்மாசத்திரம் வரை அத்தை எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயிலில் ஐயர் எங்களுக்கு முன்னால் வந்து பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பக்க அறையில் இரும்புப் பட்டை போட்ட மரப்பெட்டி. உள்ளே தோல் அட்டை போட்ட பெரிய புத்தகங்கள். பூச்சி வராமல் இருக்கப் பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலை வைத்து, அதுவும் காய்ந்து, நரம்பு மட்டும் வலை மாதிரி நின்றிருந்தது. ஐயர் எடுத்த எடுப்பில் சொன்னார்: "நான் படிக்க மாட்டேன். ஐயரு இட்டுக்கட்டிச் சொன்னாருன்னு நாளைக்குப் பேச்சு வரும். நீங்களே படிங்க."

நைனாவுக்குக் கண் இல்லை. இரண்டு பெண்களுக்கும் எழுத்து தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவளா? இவளுக்கு வேண்டியதப் படிச்சுப்பா," என்றார் பள்ளிப்பட்டு அம்மாள்.

"நான் விரல் வெச்சிகினு வரேன். மாத்திப் படிச்சா நிறுத்தறேன்," என்றார் ஐயர்.

என் கல்யாணத்தை நானே வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. வேதப் புத்தகத்துக்கு வெளியே முழுசாக ஒரு பக்கத்தை, வெட்டாத பக்கத்தை, நான் பார்த்ததே அன்றுதான். மை பழுப்பாகியிருந்தது. ஞானஸ்நானப் புத்தகம். குறுக்கே கோடு போட்ட கட்டங்கள்: நாள், பிள்ளையின் பேர், தகப்பன், தாய், ஊர், பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கிற ஞானத்தகப்பன், குறிப்பு. உபதேசியாருக்கு ஒரு மகன் பிறந்தது அதில் இருந்தது. தகப்பன் இடத்தில் அவர் பேர், தாய் இடத்தில் அவர் மனைவி பேர். ஆனால் அந்த மகனின் பேர் என் தாத்தாவின் பேரும் இல்லை, மாப்பிள்ளையின் தாத்தா பேரும் இல்லை.

"அப்போ எங்க நைனா எங்க?" என்றாள் அத்தை. "திருப்புமே."

திருப்பினேன். பக்கத்துக்கு இரண்டு மாசம், மூன்று மாசம் என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த எழுத்து, ஓரிடத்தில் நெருக்க ஆரம்பித்தது. ஐயர், "தாது வருஷம். பஞ்சம். எழுத்து உபதேசியாருது," என்று மட்டும் சொன்னார். ஒரே நாளில் பக்கம் நிறைந்திருந்தது. நான் படித்தேன். தகப்பன்: தெரியாது. தாய்: தெரியாது. ஊர்: தெரியாது. ஞானத்தகப்பன்: உபதேசியார். அடுத்த வரி. தகப்பன்: தெரியாது. தாய்: தெரியாது. ஞானத்தகப்பன்: உபதேசியார். அடுத்த பக்கமும் அதே. அதற்கடுத்ததும் அதே. படிக்கப் படிக்க என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. இடையில் நிறுத்தலாமா என்று ஐயரைப் பார்த்தேன். அவர் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது.

அந்த விரல் நின்ற இடத்தில் என் தாத்தாவின் பேர் இருந்தது.

"வயது நாலு இருக்கலாம்," என்று படித்தேன். "சத்திரத்துக் கஞ்சித் தொட்டியண்டை கண்டது. வரும்போதே இடது காதுமடல் கிழிந்திருந்தது. தெலுங்கு மாத்திரம் பேசுகிறான். ஊர் கேட்டால், கிணற்றண்டை என்கிறான்."

தாத்தாவுக்கு இடது காதுமடல் பிளந்திருக்கும். உபதேசியார் காதைத் திருகிப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் கிழிந்தது என்று அத்தை எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தாள். சொல்லும்போது பெருமையாகச் சொல்வாள்.

அத்தை மெதுவாக அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "தெலுங்கு மாத்திரமா?" என்றாள்.

பள்ளிப்பட்டு அம்மாள் வாயைத் திறந்தார். பஸ்ஸில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

அவருடைய மாமனார் இன்னும் சில பக்கம் தள்ளிக் கிடைத்தார். "வயது ஆறு இருக்கலாம். பள்ளிப்பட்டு மார்க்கத்தில் இறந்து கிடந்த தாயண்டை கண்டது. தாய் நெசவுக்காரி என்று உடன் வந்தோர் சொன்னது. தமிழ் பேசுகிறான். தன் பேரை மாற்ற வேண்டாம் என்று அழுதபடியால் அதுவே விடப்பட்டது."

"அய்யோ," என்றார் பள்ளிப்பட்டு அம்மாள், மிகவும் மெதுவாக. "எங்க மாமனாருக்கு மட்டும் வேதப் பேரு இல்லியேன்னு நாங்க கேலி பண்ணுவோம். சிரிச்சிகினு போயிருவாரு."

ஒருத்தர் தெலுங்கு மட்டும் பேசிய பிள்ளை, இன்னொருத்தர் தமிழ் பேசிய நெசவுக்காரியின் பிள்ளை. அண்ணன் தம்பியும் இல்லை, உபதேசியாருக்குப் பிறந்தவர்களும் இல்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நிமிஷம் கல்யாணம் நினைவில் இல்லை. ஊரே செத்துக்கொண்டிருந்த நாளில் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து, ஒரு குழந்தையிடம் உன் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். அது கிணற்றண்டை என்றிருக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று விடாமல், அதையும் ஒரு பதில் என்று மதித்து எழுதி வைத்திருக்கிறார். பேரை மாற்றாதே என்று ஒரு பிள்ளை அழுததற்குக் கீழ்ப்படிந்து, கீழ்ப்படிந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

நைனா கையை நீட்டினார். அவர் விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தேன். துணியைத் தடவிப் பார்ப்பது போலத் தடவினார். "ஒண்ணும் தெரியலியேம்மா. இன்னொரு தபா படி." படித்தேன். "எந்தக் கிணறுன்னு போடலியா?" என்றார். போடவில்லை என்றேன்.

"உபதேசியாரோட சொந்த மகன் இன்னா ஆனாருங்க?" என்று நான் கேட்டேன்.

ஐயர் இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அது அடக்கப் புத்தகம். அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், நான் படித்தேன். உபதேசியாரின் மகன், பேதி கண்டு இறந்தது, அதே தாது வருஷம். தேதியைப் பார்த்தேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுத்து நெருக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்தியது.

கடைசியில் பள்ளிப்பட்டு அம்மாள்தான் கேட்டார்: "ஏங்க ஐயரே, ஞானத்தகப்பன் ஒருத்தரா இருந்தா அது முறையில சேருமா?"

"அத வெச்சு முறை பாத்தா," என்றார் ஐயர் புத்தகத்தை மூடிக்கொண்டே, "இந்த வட்டாரத்துல நம்ம ஜனத்துல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆவாது."

எல்லோரும் கல்லறைக்குப் போனோம். திருநாள் இல்லை, சுண்ணாம்பு எடுத்துப் போகவில்லை. மழையில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பள்ளிப்பட்டு அம்மாள் அதைக் கையில் எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தார். ஏடு ஏடாக, வெள்ளைக்குமேல் வெள்ளை. "இதுல பாதி எங்களுது," என்றார்.

"பாதின்னு எப்பிடி சொல்றீங்க?" என்றாள் அத்தை. அழுத குரல்தான், ஆனால் சண்டை திரும்பியிருந்தது. "அந்தப் புஸ்தகத்துல இன்னும் எத்தினி பேரு. அவங்கள்லாம் ராத்திரியில வந்து அடிக்கறாங்களோ இன்னாவோ. நான் வேற, உரிமைன்னு சொல்லிகினு இருந்தேன்."

"இப்போ இன்னான்னு சொல்லப் போறீங்க?"

அத்தை யோசித்தாள். "ரத்தம் இல்லன்னு ஆயிப்போச்சு. சுண்ணாம்பு கீதில்ல. அது போதும்."

திரும்பி நடக்கையில் வரப்பில் கால் வழுக்கியது. "புடிச்சிக்கோ," என்று பள்ளிப்பட்டு அம்மாள் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். "கூப்புட்டுட்டுப் புடி," என்றார். "அத்தை" என்றேன். முன்னால் போய்க்கொண்டிருந்த என் அத்தை, தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, மேலே நடந்தாள்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் வாசித்து நிறுத்தினார். அத்தை தொண்டையைக் கனைத்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. "இருமலுங்க," என்றாள் அத்தை, "நீங்க வாசிங்க."

கல்யாணம் ஆன அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வீடும் சேர்ந்து ஒரே தவலையோடு போனோம். கனகம்மாசத்திரத்தில் இறங்கி நடக்கும்போது, புத்தகத்தில் படித்ததை அவரிடம் மறுபடி ஒரு தடவை, வார்த்தை மாறாமல் சொன்னேன். கிணற்றண்டை என்ற இடம் வந்ததும், நான் எதிர்பார்த்தபடியே, "மீதி எங்க?" என்றார்.

மீதி இல்லை என்றேன்.

வழியில் ஒரு கிணறு வந்தது. கமலை பூட்டிய, படி இடிந்த பழைய கிணறு. அவர் தவலையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குனிந்து பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே தண்ணீர் கொஞ்சம், அதில் வானம் கொஞ்சம், எங்கள் இரண்டு தலை. பின்னால் வந்த அத்தை நிற்காமல், "அதுவா இருக்காது, அது பஞ்சத்துக்கு அப்பால வெட்டினது," என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். அவளும் எங்களுக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள்.